பைரவியின் பிராதை எடுப்பவர் யார்?



1985ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்து, இன்றளவும் தமிழ்க் குடும்பங்கள் சிலாகித்துப் பேசும் 'சிந்து பைரவி' என்ற திரைப்படத்தைக் குறித்து இங்கே சில வார்த்தைகள் எழுத முற்படுகிறோம். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவர்களுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாம் கொட்டகைக்குப் போகாவிட்டாலும் கொட்டகை தொலைக்காட்சி வழியாகவும் கைபேசி வழியாகவும் நம் கூடத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. படத்தை மட்டும் விட்டுச் சென்றிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். கூடவே ஒரு சாக்குப்போக்கையும் அது விட்டுச் சென்றிருக்கிறது. அந்தச் சாக்குப்போக்கை நம் ஜமாஅத் அலுவலகங்களில், நம் பெரியவர்களின் வாயாலேயே கேட்கிறோம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்வோம். கே. பாலசந்தர் எழுதி இயக்கிய படம். ஜே.கே.பி. என்ற புகழ்பெற்ற கர்நாடக சங்கீத வித்துவான். அவருடைய மனைவி பைரவி நல்லவள், கணவனையே உலகமாகக் கொண்டவள். ஆனால் சங்கீத ஞானம் இல்லாதவள், பிள்ளைப் பேறும் இல்லாதவள். சிந்து என்ற ஆசிரியை அவருடைய கலையைப் புரிந்துகொள்கிறாள். உறவு எல்லை மீறுகிறது. பிறகு சிந்து ஊரைவிட்டே விலகுகிறாள். வித்துவான் குடியில் விழுகிறார். குடித்துவிட்டு வந்த தன் மிருதங்க வித்துவானை ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த அதே மனிதர், கடைசியில் குடிகாரர்களோடு சேர்ந்து ஆடிப்பாடும் நிலைக்கு இறங்குகிறார். சிந்து திரும்பி வந்து அவரை மீட்கிறாள். பெற்ற குழந்தையைப் பைரவியின் கையில் ஒப்படைத்துவிட்டு மறுபடியும் விலகிச் செல்கிறாள். சுஹாசினிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது, இளையராஜாவுக்கு இசைக்காக, சித்ராவுக்குப் பாட்டுக்காக என்று விருதுகள் குவிந்தன. கலைத்திறனை நாம் மறுக்க வரவில்லை. அது நமது துறையும் அன்று.

படத்தை விரும்பும் சகோதரர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: குடியின் கேட்டைத்தானே இந்தப் படம் காட்டுகிறது, நீங்கள் மகிழத்தானே வேண்டும்? இல்லை. அது காட்டுவது ஒரு மேதையின் வீழ்ச்சியை. எவ்வளவு பெரிய மனிதர் எப்படி ஆகிவிட்டார் என்று பார்ப்பவர் கண்ணீர் விடுகிறார். அந்தக் கண்ணீர் முழுவதும் குடித்தவருக்கே போய்ச் சேருகிறது. அந்த மாதங்களில் அந்த வீட்டில் உலை எப்படி வைக்கப்பட்டது, பைரவி யாரிடம் போய்க் கடன் கேட்டாள், இரவில் கதவு தட்டப்படும்போது அவள் மனம் என்ன பாடுபட்டது என்பதில் கதைக்கு நாட்டம் இல்லை. குடித்தவர் மீண்டதும் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடுகிறது. ஒருத்தி தன் பிள்ளையைக் கொடுக்கிறாள், இன்னொருத்தி மன்னிப்பைக் கொடுக்கிறாள், அவரோ மறுபடியும் மேடையைப் பெறுகிறார். பைரவியிடம் அவர் எந்தக் கணக்கும் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு குற்றச்சாட்டு ஓசையில்லாமல் நிற்கிறது: பைரவிக்குச் சங்கீதம் தெரிந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. மனைவி புரிந்துகொள்ளவில்லை, ஆகவே கணவன் வழிதவறினான், ஆகவே குடித்தான். சங்கீதம் தெரியாதது ஒரு பெண்ணின் குற்றமா என்று யாரும் நின்று கேட்பதில்லை.

இதைவிடப் பழைய வேர் ஒன்றும் உண்டு. 1953ல் 'தேவதாஸ்' தமிழில் வந்தபோது சென்னை மாநிலத்தில் மதுக்கடையே கிடையாது. 1937ல் இராசாசி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948ல் மாகாணம் முழுவதற்கும் பரவியிருந்தது. நம் விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரை அது நீடித்தது. கடையில் கிடைக்காத புட்டியைத் திரை அந்நாளிலேயே நம் இளைஞர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது. துக்கத்துக்கு மருந்து என்று பெயரும் சூட்டியது. 1971ல் கடைகள் திறந்தன. இடையில் மூடப்பட்டு 1981ல் மறுபடியும் திறந்தன. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் உருவாயிற்று. 2003ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடை திறந்தபோது வாடிக்கையாளரின் மனம் முன்பே பழக்கப்பட்டிருந்தது.

வடக்கே 1962ல் 'சாஹிப் பீபி அவுர் குலாம்' என்ற இந்திப் படம் வந்தது. ஜமீன் வீட்டு மருமகள் ஒருத்தி, இரவெல்லாம் வெளியே திரியும் கணவனை வீட்டில் நிறுத்துவதற்காகத் தானே குடிக்கத் தொடங்கி அதிலேயே அழிகிறாள். அந்த வேடத்தில் நடித்தவர் மீனா குமாரி. மஹ்ஜபீன் பானு என்ற பெயருடைய முஸ்லிம் பெண்மணி. அவருடைய சொந்த மண வாழ்வும் முறிந்தது. குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டு 1972ல், 38ஆம் வயதில் காலமானார். அல்லாஹ் அவரை மன்னிப்பானாக. இறந்தவரைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. குடி நம் சமுதாயத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று மார்தட்டுகிறவர்களுக்காகவே குறிப்பிடுகிறோம்.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, இராசபாளையம் எங்கும் நம் மக்கள் பட்டாசுச் சாலைகளிலும் தீப்பெட்டி ஆபீசுகளிலும் அச்சகங்களிலும் உழைக்கிறார்கள். பெண்களும் உழைக்கிறார்கள், குழாய் உருட்டுகிறார்கள், திரி வைக்கிறார்கள், சரம் பின்னுகிறார்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறார்கள். வாரக் கடைசியில் கூலி வருகிறது. அந்தக் கூலி வீட்டுக்கு வரும் வழியில் கடை இருக்கிறது. 2018ல் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போதும் குடி நிற்கவில்லை. கூலி இருந்தபோது உடம்பு வலிக்குக் குடித்தவர்கள், கூலி இல்லாதபோது கவலைக்குக் குடித்தார்கள். மக்தபுக்கு வரும் பிள்ளைகள் சிலர் திங்கட்கிழமைகளில் ஓதும்போதே தூங்கி விழுவார்கள். காரணம் கேட்டால் தலை குனிந்துகொள்வார்கள். கேட்காமல் விட்டுவிடுவதே கருணை என்று நாம் தெரிந்துகொண்டோம்.

அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் ஜமாஅத்துக்கு வருகிறார்கள். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று, தம்பியையோ மாமாவையோ முன்னிறுத்தி, பிராது கொடுக்கிறார்கள். உள்ளே நடப்பதென்ன? "அவன் ஏன்மா குடிக்கிறான்? நீ என்ன சொன்னே?" இதுதான் முதல் கேள்வி. உழைத்துக் களைத்து வருகிறவனிடம் முகம் சுளித்தாயா, அவன் உம்மாவோடு சண்டை போட்டாயா, சமையலில் குறை வைத்தாயா? விசாரணை முழுவதும் மனைவியின் மீதே நடக்கிறது. கடைசியில் ஸப்ர் செய் என்று ஒரு வார்த்தை. கணவனிடம் இனிமேல் குடிக்காதே என்று ஒரு வார்த்தை. அவன் தலையாட்டுகிறான். எல்லோரும் ஸலவாத் சொல்லிக் கலைகிறோம். படத்தில் பைரவிக்கு எதிராக ஓசையில்லாமல் நின்ற குற்றச்சாட்டு, இங்கே பள்ளிவாசல் நிழலில் வாய்விட்டே பேசப்படுகிறது.

இதைக் கேட்கும்போதெல்லாம் நமக்குப் பட்டாசுச் சாலையின் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வெடிபொருள் விதிகளின்படி போதையில் இருப்பவனை வெடிபொருள் வேலையில் அமர்த்தக் கூடாது. மருந்து கலக்கும் அறையில் ஒரு கை தடுமாறினால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன விபத்தை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்த விபத்துக்குக் குடி காரணம் என்று நாம் சொல்லவில்லை. நாம் சொல்வது இது: குடித்தவன் வந்தால், "மேஸ்திரி திட்டினாரா, அதனால் குடித்தாயா" என்று எந்த ஆலையிலும் விசாரணை வைப்பதில்லை. முதலில் வெளியே நிறுத்துகிறார்கள். காரணம் பிறகு. மனைவியும் மூன்று பிள்ளைகளும் படுத்திருக்கும் ஓர் அறை வீட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் வேண்டாமா?

குர்ஆன் மதுவை ஒரே நாளில் தடுக்கவில்லை என்பதை மதரஸாவின் முதல் வகுப்பு மாணவனும் அறிவான். அதன் தீமை பயனைவிடப் பெரிது என்று அல்பகரா (2:219) எடுத்துரைத்தது. போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று அன்னிஸா (4:43) தடுத்தது. பின்னர் அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் முற்றாக விலக்கின. இதில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது 91ஆம் வசனம். மது ஏன் கூடாது என்பதற்கு அல்லாஹ் காரணம் கூறும்போது, அதைக் கொண்டு ஷைத்தான் உங்களிடையே பகைமையையும் வெறுப்பையும் விதைக்க நாடுகிறான் என்பதை முதலில் கூறி, திக்ரையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பதைப் பிறகு கூறுகிறான். பகையும் வெறுப்பும் முதலில் விழும் இடம் கணவன் மனைவியின் நடுவே அல்லவா? குடியால் பகை விளைகிறது என்று வேதம் கூறுகிறது. பகையால் குடி விளைந்தது என்று நம் பஞ்சாயத்து கூறுகிறது. வரிசையைப் புரட்டிப் போட்டவர்கள் யார்?

பெண்ணின் பிராதைக் கேட்பதைப் பற்றியும் வேதம் மௌனமாக இல்லை. கவ்லா (ரலி) என்ற ஸஹாபியப் பெண்மணி தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதிட்டார். அவருடைய பேச்சை அல்லாஹ் செவியுற்றுவிட்டான் என்ற செய்தியோடு ஓர் அத்தியாயமே இறங்கியது (58:1). அந்த அத்தியாயத்துக்குத் தர்க்கம் செய்பவள் என்றே பெயர். வாய் திறந்து வாதாடிய பெண்ணின் பெயரால் வேதத்தில் ஓர் அத்தியாயம் இருக்க, வாய் திறந்ததே குற்றம் என்று அவளை வாசலில் நிறுத்துகிறோம். தம்பதியரிடையே பிளவு அஞ்சப்பட்டால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவராக வேண்டும் என்கிறது 4:35. நம் சபைகளில் இருவருமே அவனுடைய பங்காளிகளாக அமைவது எப்படி?

ஸப்ர் என்ற சொல்லுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. அது உயர்ந்த சொல். நோயில், வறுமையில், மரணத்தில் அது முஃமினின் கவசம். அதையே அடி வாங்குவதற்கான உத்தரவாக மாற்றிக் கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தார்கள்? அநியாயம் செய்பவனாயினும் செய்யப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்கு உதவி என்பது பதிலாக வந்தது. நாம் தடுக்க வேண்டிய கையை விட்டுவிட்டு, அடிபடுபவளுக்குப் பொறுமையைப் போதிக்கிறோம். துன்புறுத்துவதற்காக மனைவியைத் தடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள் என்று 2:231 நேருக்கு நேராகவே கட்டளையிடுகிறது.

அப்படியானால் எல்லாக் குடும்பத்தையும் பிரித்துவிடச் சொல்கிறீர்களா என்று சிலர் சீறுவார்கள். இல்லை. ஆனால் கதவு இருக்கிறது என்பதை அவளுக்கு மறைக்கக் கூடாது. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் மார்க்கத்திலும் குணத்திலும் குறை கூறாமலேயே பிரிவு கேட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து நபியவர்கள் அவரை விடுவித்தார்கள். குறையே கூறாத பெண்ணுக்கு அந்த வழி இருந்தது. இங்கே குறையை உடம்பில் தழும்பாகச் சுமந்து வருகிறவளுக்கு நாம் வழி அடைக்கிறோம். ஹனஃபி மத்ஹபில் ஃபஸ்குக்குரிய வழி குறுகலாக இருந்தபோது, இந்திய உலமாக்களே மாலிகி மத்ஹபின் சட்டத்தை எடுத்தாள வழிகாட்டினார்கள். மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்களின் முயற்சி அதில் முதன்மையானது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அதன் விளைவு. ஈராண்டு பராமரிக்காமல் விடுதல், வழக்கமாக அடித்துக் கொடுமைப்படுத்துதல், மனைவியின் சொத்தை விற்றுவிடுதல் ஆகியவை அதில் காரணங்களாக உள்ளன. மது என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போய் மீளாமல் போன வீட்டில், அந்தச் சொல் இல்லாமலே வழக்கு நிற்கும். குலா சான்றிதழைத் தனியார் அமைப்புகள் வழங்க முடியாது, பெண் நீதிமன்றத்தை நாடலாம் என்று 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஜமாஅத் கடிதம் கிடைக்கவில்லையே என்று எந்தச் சகோதரியும் காலம் கடத்த வேண்டியதில்லை. நம் மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். இரவில் ஆபத்தென்றால் 181 என்ற எண் இருக்கிறது. இதை எழுதுவதால் குடும்பங்களைக் கலைக்கிறோம் என்று நம்மைத் தூற்றுவோர், குடும்பத்தைக் கலைத்தவன் யார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

குடிப்பவனை என்ன செய்வது? வெறுப்பதல்ல. நபியவர்களின் காலத்தில் ஒருவர் மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்; அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறவர் என்றார்கள். சாபம் தடுக்கப்பட்டது, தண்டனை தடுக்கப்படவில்லை. இரண்டும் ஒரே சபையில் நடந்தன என்பதை நாம் கவனிப்பதில்லை. நம்மில் ஒரு சாரார் குடிகாரனின் ஜனாஸாவுக்குக்கூட முகம் சுளிக்கிறோம், மறு சாரார் அவன் மனைவியைக் குற்றவாளியாக்கி அவனைக் காப்பாற்றுகிறோம்.

இன்னொரு வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். குர்ஆனைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கி, மறுநாளே வீட்டில் பூட்டிவைப்பது. நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை கால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரக்கூடும். உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. அவன் வலிப்பில் விழுவதைப் பார்த்துச் சத்தியத்தை முறித்த பாவம் பிடித்துவிட்டது என்று பேசுகிற அறியாமை நமக்கு வேண்டாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணில் போதை மீட்புக்கு வழி சொல்கிறார்கள். பைத்துல்மால் நிதியிலிருந்து கத்னாவுக்கும் கல்யாணத்துக்கும் கொடுக்கும் நாம், ஒரு குடிநோயாளியை மருத்துவமனையில் சேர்த்து, அவன் திரும்பும்வரை அவன் வீட்டுக்கு அரிசி அளந்தால் என்ன? தவ்பா அவனுடையது. அரிசி நம்முடைய கடமை.

பணம் ஒன்று இருக்கிறதே. மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை நபியவர்கள் சபித்தார்கள் என்று ஹதீஸ் உண்டு; பிழிபவன், குடிப்பவன் மட்டுமல்ல, சுமப்பவன், விற்பவன், அதன் விலையை உண்பவன் எல்லோரும் அதில் அடங்குகிறார்கள். கடைக்குக் கட்டடத்தை வாடகைக்கு விட்டவரும் பாருக்குத் தின்பண்டம் சப்ளை செய்பவரும் பள்ளிவாசலின் முதல் வரிசையில் நிற்கும்போது, குடிப்பவனின் மனைவியை விசாரிக்க நமக்கு நா எழுவது வியப்புதான்.

கடைசியாக நம் ஜமாஅத்துகளிடம் வைப்பது இரண்டே கோரிக்கைகள். குடி தொடர்பான பிராது வந்தால் அந்தப் பெண்ணை வாசலில் நிறுத்தாமல், மார்க்கம் அறிந்த ஒரு மூத்த பெண்மணியை அருகே உட்காரவைத்து, அவள் வாயாலேயே கேளுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை அவனுடைய காரணங்களைக் கேட்காதீர்கள். அடுத்தது, நிகாஹ் தஃப்தரில் பெயர் எழுதுவதற்கு முன்னால். மாப்பிள்ளையின் ஊர் ஜமாஅத்திலிருந்து கடிதம் வாங்குகிறோம். முதல் திருமணமா, சந்தா பாக்கி உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். அந்தக் கடிதத்தில் குடிப்பழக்கம் உண்டா என்ற வரியையும் சேருங்கள். பெண்ணின் அத்தாவுக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். சம்பந்தி முகம் கோணுவாரே என்று அஞ்சுவார். ஜமாஅத்துக்கு அந்தக் கூச்சம் எதற்கு?